தேக்குப் பெட்டிகளின் வயது

தாய்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், மியன்மார் எல்லையை ஒட்டி, மே ஹாங் சோன் என்னும் மலை மாகாணம் இருக்கிறது. சியாங் மாய் நகரிலிருந்து அங்கே செல்லும் பாதையில் 1,864 வளைவுகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். கடைகளில் விற்கும் சட்டைகளில்கூட அந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள். வளைவுகளை எண்ணுவதற்கு நமது வயிறு இடம் கொடுப்பதில்லை! இந்த மாகாணத்தில் பாங் மாபா என்ற வட்டாரம் முழுவதும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். கரியமில வாயு கரைந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளை உண்டாக்குவதை நீங்கள் வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வினை எத்தனை பெரிய அளவில் நடக்க முடியும் என்பதை இங்கே நேரில் காணலாம்.

இங்குள்ள குகைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் மரத்தாலான சவப்பெட்டிகள் கிடைத்துள்ளன. அவற்றைச் செய்த மக்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. இன்று அந்த மலைகளில் வாழும் ஷான், லாஹு, கரேன், லிசு மக்களில் எவரும் அவற்றைத் தம் முன்னோருடையவை என்று கூறுவதில்லை. ஊர் மக்கள் அவற்றைப் 'பீ மேன்' பெட்டிகள் என்கிறார்கள். 'பீ' என்றால் ஆவி. மனிதருக்கு முன்னால் அங்கே வாழ்ந்த ஏதோ ஓர் ஆவிக் கூட்டத்தின் பொருள்கள் என்பது பழைய நம்பிக்கை.

பயணிகள் எளிதில் சென்று காணக்கூடியது தாம் லாட் குகை. 'தாம்' என்றால் குகை. 'லாட்' என்றால் ஊடே நுழைந்து செல்வது. பெயருக்கு ஏற்ப, நாம் லாங் என்ற ஆறு குன்றின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் விளக்கை ஏந்தி முன்னே செல்ல, மூங்கில் தெப்பத்தில் நாம் போகிறோம். கூரையிலிருந்து தொங்கும் வௌவால்களின் எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஆற்று வாயிலுக்கு அருகே செங்குத்தான மரப்படிகளில் ஏறினால் பெட்டிகள் இருக்கும் அறை.

பெட்டி என்றதும் பலகைகளை இணைத்து ஆணி அடித்த ஒன்றை நினைத்துக் கொள்ளாதீர்கள். முதலில் பார்ப்பவர்கள் உடைந்த ஓடம் என்றுதான் எண்ணுவார்கள். ஒரே அடிமரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் உள்ளே குடைந்திருக்கிறார்கள். ஒரு பாதி தொட்டி, மறுபாதி மூடி. முனைகளில் கைப்பிடி போலச் செதுக்கிய தலைப்பு உண்டு. சிலவற்றில் அது வெறும் கோண வடிவம். சிலவற்றில் விலங்கின் தலை. சிலவற்றில் மனித உருவம். பல மீட்டர் நீளமுள்ள இந்தப் பெட்டிகளை மரக்கால்கள் நட்டு, தரையில் படாதபடி உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தாம் லாட்டில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிதைந்த துண்டுகளே. முழுமையானவை எளிதில் ஏற முடியாத உயர்ந்த குன்றுக் குகைகளில் இருக்கின்றன.

மரம் என்ன மரம் தெரியுமா? தேக்கு. ஆங்கிலத்தில் அதை 'டீக்' என்கிறோமே, அது நம் சொல்தான். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'தேக்கு' என்ற சொல்லை மேற்குக் கடற்கரையில் போர்த்துக்கேயர் கேட்டுத் 'தேக்கா' என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அது ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று.

எப்படித் தூக்கினார்கள்?

உயரமான குகைகளைக் கண்டதும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வியந்து நிற்பதைவிட ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 5 மீட்டர் நீளமும் 60 செ.மீ. விட்டமும் உள்ள அடிமரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பருமன் ஏறத்தாழ 1.41 கன மீட்டர். பாதியாகப் பிளந்தால் 0.71. உள்ளே 4 மீட்டர் நீளத்துக்கு 22 செ.மீ. ஆரமுள்ள அரை உருளையைக் குடைந்து எடுத்தால் 0.30 போய்விடும். மிச்சம் சுமார் 0.40 கன மீட்டர். உலர்ந்த தேக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு 650 கி.கி. என்று கொண்டால், ஒரு பாதியின் நிறை 260 கி.கி.

இதை 50 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 260 × 9.8 × 50, அதாவது சுமார் 1,27,000 ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? உணவுக் கணக்கில் அது வெறும் 30 கிலோகலோரி! நம் தசைகள் உண்ட உணவில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் 120 கிலோகலோரி. இரண்டு மூன்று இட்லியில் அடங்கிவிடும். பத்துப் பேர் சேர்ந்து தூக்கினால், அவர்கள் தங்கள் சொந்த உடம்புகளை மேலே ஏற்றுவதற்கே இதைப்போல் இரு மடங்கு ஆற்றல் செலவாகும்.

ஆகவே சிக்கல் ஆற்றலில் இல்லை, விசையில் இருக்கிறது. 260 கி.கி. எடையை ஒரே சமயத்தில் தாங்க வேண்டும். சரிவில் ஆளுக்கு 30 கி.கி. என்றால் ஒன்பது பேர். அவர்கள் இரு பக்கமும் நிற்க இடம் வேண்டும். ஓரடி அகலப் பாறை விளிம்பில் அது எப்படி நடக்கும்? கயிறு, சாரம், சாய்தளம் என்று ஏதோ ஒரு வகையில் விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டியிருக்க வேண்டும் என்று இயற்பியல் கூறுகிறது. எதைப் பயன்படுத்தினார்கள் என்பதை மட்டும் இயற்பியலால் கூற முடியாது. குடைவதைக் கீழேயே முடித்துவிட்டு ஏற்றினார்களா என்பது இன்னொரு கேள்வி. பச்சை மரம் உலர்ந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். கணக்குத் தெரிந்த எவரும் கீழேயே குடைந்து, உலர்த்தி, பிறகு ஏற்றியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் மக்கவில்லை?

நம் ஊரில் வேலிக்கால் நட்டால் சில ஆண்டுகளில் மண்ணை ஒட்டிய பகுதி உளுத்துப் போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரம் எப்படி நிற்கிறது? தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ப்பசையும் சில வேதிப் பொருள்களும் கரையானுக்கும் பூஞ்சைக்கும் ஆகாதவை. மரக்கால்கள் பெட்டியை ஈரத் தரையிலிருந்து விலக்கி, அடியில் காற்றோட்டம் கொடுத்தன. கூரை மழையைத் தடுத்தது.

வெப்பநிலையும் உதவியது. பாறையின் மேற்பரப்பில் பகலில் ஏறும் சூடு உள்ளே பரவுவதற்குள் இரவு வந்துவிடுகிறது. இதனால் பகல்-இரவு வெப்ப ஏற்றத்தாழ்வு, பாறைக்குள் சுமார் 17 செ.மீ. ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கோடை-குளிர் ஏற்றத்தாழ்வுக்கு இதே குறைவு ஏற்பட 3 மீட்டர் ஆழம் வேண்டும். காலம் 365 மடங்கானால் ஆழம் அதன் வர்க்கமூலமான 19 மடங்கு ஆகிறது. சரிபார்த்துக் கொள்ளுங்கள்! மரம் வெடிப்பதும் முறுக்கிக்கொள்வதும் பெரும்பாலும் ஈரமும் சூடும் மாறி மாறி வருவதால்தான். தடித்த பாறைக் கூரைக்குக் கீழே அந்த மாற்றங்கள் சிறியவை.

வயதை எப்படி அறிவது?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களை வெளியேற்றுகின்றன. ஒரு நியூட்ரான் நைட்ரஜன்-14 அணுக்கருவில் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் அது கார்பன்-14 ஆகிறது. இது கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். கரியமில வாயுவில் கலந்து தாவரங்களுக்குள்ளும், அவற்றை உண்ணும் உயிர்களுக்குள்ளும் இது போகிறது. உயிர் உள்ளவரை வரவும் செலவும் சமம். இறந்தபின் வரவு நின்று போய்ச் செலவு மட்டும் தொடர்கிறது. இதைக் கொண்டு வயதைக் கணிக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்க வேதியியலார் வில்லர்டு லிபி. 1949இல் அவர் சோதித்த பொருள்களில், வயது முன்பே தெரிந்த எகிப்திய அரசர் ஸோசரின் கல்லறை மரமும் ஒன்று. 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1,700 ஆண்டுகளுக்கு முந்திய பொருளில் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கும்? 81.4 விழுக்காடு. புதிய கார்பன் ஒரு கிராமில் நிமிடத்துக்குச் சுமார் 13.6 சிதைவுகள் நிகழ்கின்றன. நம் பழைய மரத்தில் 11.1. இந்த எண்ணிக்கை ஒழுங்காக வருவதில்லை. ஒரு நிமிடம் 8, அடுத்த நிமிடம் 14 என்று தாவும். அரை விழுக்காடு துல்லியம் வேண்டுமானால் சுமார் 40,000 சிதைவுகளை எண்ண வேண்டும். ஒரு கிராமுக்கு அது இரண்டரை நாள் வேலை. கருவியின் பின்னணி எண்ணிக்கை வேறு குறுக்கிடும். அதற்காகப் பெட்டியிலிருந்து சில கிராம் மரத்தை வெட்டி எரிக்கவும் வேண்டும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஒரு மில்லிகிராம் புதிய கார்பனில் சுமார் 6 கோடி கார்பன்-14 அணுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்று சிதைவதைக் காண நாம் சராசரியாக 73 நிமிடம் காத்திருக்க வேண்டும். 6 கோடிப் பேர் நிற்கும் திடலில் வாசல் வழியே வெளியேறுபவரை மட்டும் எண்ணிக் கூட்டத்தை மதிப்பிடுவது போன்றது பழைய முறை. நேராகத் திடலுக்குள் போய் எண்ணினால் என்ன? துகள் முடுக்கியில் அயனிகளை வேகப்படுத்தி, காந்தப் புலத்தில் வளைத்து, நிறையின்படி பிரித்து, கார்பன்-14 அணுக்களையே எண்ணிவிடுகிறார்கள். கடுகளவு மரம் போதும். அடுத்த கேள்வி, அந்தக் கடுகை எங்கிருந்து எடுப்பது என்பது.

மரம் சுற்றளவில்தான் வளர்கிறது. நடுவளையம் உருவானபின் அங்கே புதிய கார்பன் சேர்வதில்லை. மரம் உயிரோடு நிற்கும்போதே அதன் நடுப்பகுதி கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சராசரி 2 மி.மீ. வளர்ந்த 60 செ.மீ. மரத்துக்கு 150 வயது. அதன் நடுவில் எடுத்த துணுக்கு, வெட்டிய நாளைவிட 150 ஆண்டு கூடுதலாகக் காட்டும். ஓரத்தில் எடுக்கலாமே என்பீர்கள். பெட்டி செய்தவர்கள் உளுக்கும் தன்மையுள்ள வெளிறைச் செதுக்கித் தள்ளியிருக்கலாம். அப்படியானால் கடைசி வளையங்கள் அங்கே இல்லை. ஆகவே பெட்டி மரம் தரும் விடை, 'இதற்குப் பிறகு வெட்டப்பட்டது' என்பது மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் எலும்பும் பல்லும் இறந்தவரின் காலத்துக்கு நெருக்கமாகப் பேசும். ஆனால் சுண்ணாம்பு நாட்டில் அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறையில் கார்பன்-14 ஒன்றுகூட மிஞ்சியிராது. அந்தப் பாறையைக் கரைத்து ஓடும் ஆற்றில் வளர்ந்த மீனையும் நத்தையையும் நிறையத் தின்றவரின் எலும்பு, உண்மையைவிடப் பழையதாகத் தோன்றக்கூடும்.

இங்கே விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தகைய குகைகளில் நெடுங்காலமாக வழிகாட்டிகள் மண்ணெண்ணெய் அழுத்த விளக்குகளையே ஏந்தி வந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பொருள். அதன் புகைக்கரியிலும் கார்பன்-14 கிடையாது. சோதனை மரத்தில் இந்தக் கரி 1 விழுக்காடு கலந்துவிட்டால் வயது சுமார் 83 ஆண்டு கூடிவிடும். மாறாக, இன்றைய வௌவால் எச்சமோ நம் கைப்பிசுக்கோ 1 விழுக்காடு கலந்தால், 1,700 ஆண்டுப் பொருளின் வயது 19 ஆண்டுதான் குறையும். இரண்டும் ஏன் சமமாக இல்லை? பழைய மரத்தில் ஏற்கெனவே 81 விழுக்காடு இருப்பதால், புதிய கார்பன் அதைப் பெரிதாக உயர்த்த முடியாது. கார்பன்-14 அற்ற கரியோ முழு அளவையும் தாழ்த்துகிறது. ஆய்வகத்தில் மரத்தை அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிக் கழுவுவார்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்து போகும். புகைக்கரி அப்படிக் கரைவதில்லை. பெட்டியின் அருகே விளக்கைப் பிடித்து எட்டிப் பார்ப்பது எத்தகைய செயல் என்பதை இந்த எண்ணிலிருந்து நீங்களே கணிக்கலாம்.

மரம் எழுதிய நாட்குறிப்பு

வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இராது. தேக்கு அதற்கு விலக்கு. கோடையில் இலையை உதிர்த்து ஓய்வெடுத்து, மழை வந்ததும் பெரிய துளைகளுள்ள மரத்தோடு வளர்ச்சியைத் தொடங்குவதால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடு விழுகிறது. நல்ல மழை ஆண்டில் அகன்ற வளையம், வறட்சியில் ஒடுங்கிய வளையம். 1931இலேயே பெர்லாகே என்பவர் ஜாவாத் தேக்கின் வளையங்களை 400 ஆண்டுகளுக்கு மேல் வரிசைப்படுத்தினார். மே ஹாங் சோன் காடுகளின் தேக்கிலிருந்து 448 ஆண்டு வரிசை ஒன்று 2007இல் வெளியாயிற்று.

அகலம்-ஒடுக்கம் வரும் முறை ஒரே வட்டார மரங்களில் ஒத்திருக்கும். இரண்டு பெட்டிகளின் வளையங்களை அருகருகே வைத்து நகர்த்திப் பொருத்தினால், எது எத்தனை ஆண்டு முந்தியது என்று தெரிந்துவிடும். ஆனால் உயிருள்ள மரங்களின் வரிசை 448 ஆண்டோடு நிற்கிறது. பெட்டிகளோ ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால். நடுவில் பாலம் இல்லை. ஆகவே பெட்டிகளின் வளைய வரிசை எந்தக் கரையிலும் கட்டப்படாமல் மிதக்கிறது. இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு இடைவெளியில் பல வளையங்களைத் தனித்தனியே கார்பன்-14 முறையில் சோதித்து, அந்த மிதக்கும் அளவுகோலைக் காலக்கோட்டில் ஓர் இடத்தில் நிறுத்தலாம். ஒன்று இடைவெளியைத் துல்லியமாகச் சொல்கிறது, மற்றது இடத்தைத் தோராயமாகச் சொல்கிறது. இரண்டும் சேரும்போது தனித்தனியே கிடைக்காத விடை கிடைக்கிறது.

சில்பகார்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலார் ரஸ்மி ஷூகாங்தேஜ் தலைமையில் நடந்துவரும் நீண்ட ஆய்வுகளின்படி, இந்தப் பெட்டி வழக்கம் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,000 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தது. அது இரும்புக் காலம். 2024 தொடக்கத்தில் செலினா கார்லோஃப் முதலானோர் ஐந்து குகைகளிலிருந்து கிடைத்த 33 பேரின் மரபணுக்களைப் படித்து வெளியிட்டனர். வெப்ப நாட்டில் டி.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும்; சுமார் 1,700 ஆண்டுக்குப்பின் அது கிடைத்ததே அரிய செய்தி. ஒரே குகையில் வைக்கப்பட்டவர்களிடையே நெருங்கிய இரத்த உறவு இருந்தது. வெவ்வேறு குகைகளில் இருந்தவர்களிடையேயும் தூரத்து உறவு தெரிந்தது. அந்த மண்ணின் பழைய வேட்டைச் சமூகத்தின் மரபும், வடக்கே யாங்சி, மஞ்சள் ஆற்றுப் பக்கத்து உழவர்களின் மரபும் அவர்களிடம் கலந்திருந்தன. ஆவிகள் என்று கருதப்பட்டவர்கள் தாயும் மகளும் அண்ணனும் தம்பியும் உள்ள குடும்பங்களாக நமக்குத் தெரிய வந்தது இப்படித்தான்.

எது யாருடன் எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி அழியாமல் இருந்ததால்தான் இந்த உறவுமுறையைக் காண முடிந்தது. பல குகைகளில் அந்தச் செய்தி போய்விட்டது. பழம்பொருள் தேடுவோர் பெட்டிகளைக் கவிழ்த்திருக்கிறார்கள். எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தாம் லாட்டில் துண்டுகளைத் தொடவேண்டாம் என்று வழிகாட்டி கையைக் காட்டித் தடுத்தபோது, அது சாத்திரத்துக்காகவா, சட்டத்துக்காகவா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். "இரண்டுக்கும்தான்" என்று சிரித்தார் அவர்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கற்பனையான பெட்டி மூடி ஒன்றின் நடுவளையத்தில் கார்பன்-14 இன்றைய அளவில் 79.1 விழுக்காடும், எஞ்சிய கடைசி வளையத்தில் 80.5 விழுக்காடும் இருக்கிறது. வயது = 19,035 × மடக்கை (100 ÷ விழுக்காடு) என்ற வாய்பாட்டைக் கொண்டு, இரண்டு வளையங்களுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று காணுங்கள். விடை 145 அளவில் வரவேண்டும். பிறகு, அளவீட்டில் ஒவ்வொன்றிலும் 0.3 விழுக்காடு பிழை இருக்கக்கூடும் என்று வைத்து மறுபடியும் செய்து பாருங்கள். வளையங்களை எண்ணிய ஒருவர் 170 என்கிறார் என்றால், அவர் சொல்வதை ஏற்பீர்களா, மறுப்பீர்களா?